வழக்கறிஞரை நாடுவது மார்க்கத்திற்கு முரணா?

"ஊர் மானத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகாதே!" கண்ணீருடன் வரும் பெண்ணுக்கு நம் ஜமாஅத்துகள் பலவும் கூறும் விடை இதுதான். இதற்கு மார்க்கத்தில் ஆதாரம் என்ன என்று நாம் கேட்கிறோம்.

தம்பதியரிடையே பிளவு ஏற்படுமென அஞ்சினால் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை நியமிக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனம் பணிக்கிறது. சமரசமே முதற்படி, அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சமரசம் தோற்ற பின்னரும், வாழ்வுமின்றி விடுதலையுமின்றி ஒரு பெண்ணை ஆண்டுக்கணக்கில் தாய்வீட்டில் தவிக்கவிடுவது எவ்வகை நீதி? ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி நபி (ஸல்) அவர்களிடமே சென்று பிரிவு கோரினார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பியளித்துப் பிரிந்தார். நபியவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை.

ஜமாஅத் எழுதித் தரும் குலா சான்றிதழ் சட்டப்படி செல்லாது, குடும்பநல நீதிமன்றத்தையே அணுக வேண்டும் எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. கணவன் 2 ஆண்டுகள் பராமரிப்புச் செலவு தராவிட்டால் மனைவி மணவிலக்குக் கோரலாம் என்கிறது 1939ஆம் ஆண்டுச் சட்டம். வழக்கறிஞர் கட்டணத்திற்கு வழியில்லையா? வருமானம் எவ்வளவாயினும் பெண்கள் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையோர் என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம்.

ஜமாஅத் பொறுப்பாளர்களே! அவளுக்குத் துணை நிற்க மனமில்லையெனினும், நிக்காஹ் பதிவேட்டின் நகலையாவது மறுக்காமல் கொடுங்கள். அநீதி இழைக்கப்பட்டவளின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை என்பதை நாம் அறியாதவர்களா?