ஆடுகளம் காட்டிய அறம்

ஆடுகளத்தில் ஆற்றலுக்கே முதலிடம் வேண்டும், நிறத்திற்கு அன்று. இவ்வுண்மையை விளங்கச் செய்தது, அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரிக் கூடைப்பந்துக் குழு. 1965-66ஆம் ஆண்டுப் பருவத்தில் அக்குழு ஆடிய 29 ஆட்டங்களுள் 28இல் வென்றது.

1966 மார்ச்சு 19 அன்று நிகழ்ந்த இறுதியாட்டத்தில் எதிர்நின்ற கென்டக்கிப் பல்கலைக்கழகக் குழுவினர் அனைவரும் வெள்ளையர். தென்மாநிலக் கல்லூரிகள் பல, கறுப்பினத்தாரைத் தம் குழுவில் சேர்க்க மறுத்த காலம் அது. பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்சோ, கறுப்பின இளைஞர் ஐவரைக்கொண்டே ஆட்டத்தைத் தொடங்கினார். 72-65 என்னும் கணக்கில் அவர் குழு வாகை சூடியது. மூடியிருந்த கதவுகள் பின்னர் ஒவ்வொன்றாகத் திறந்தன.

‘தகுதியுடையார் கிடைத்திலர்’ என்று கூறுவோர், முதலில் தம் வாயிலைத் திறந்து பார்த்தனரா என்பதே என் வினா. மாணவர்களே! நாளை நீங்களும் பிறரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அமர்வீர்கள். அப்போது நிறத்தையும் குலத்தையும் நோக்காது, ஆற்றலை நோக்குங்கள்.