சட்டையின் நிறம்

விண்வெளிக்குப் போயும் மனிதன் சீருடையை விடவில்லை! 1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொடரைப் பாருங்கள். கப்பல் தலைவர் கிர்க்குக்குப் பொன்னிறச் சட்டை. விஞ்ஞான அதிகாரி ஸ்பாக்குக்கும் மருத்துவர் மெக்காய்க்கும் நீலம். பொறியாளர் ஸ்காட்டுக்குச் சிவப்பு. நிறம் துறையைச் சொல்லும். பதவியைச் சொல்வது சட்டைக்கையில் உள்ள சரிகைப் பட்டைதான். அதனால்தான், கிர்க்கும் ஸ்பாக்கும் கப்பலை விட்டு இறங்கும்போது சிவப்புச் சட்டை ஸ்காட் தலைவரின் நாற்காலியில் அமர முடிகிறது.

ஆனால் ஒன்று. புதிய கோளில் கால் வைத்ததும் மடிகிறவன் பல கதைகளில் பெயரில்லாத சிவப்புச் சட்டைக் காவலன். மூத்த அதிகாரிகள் அடுத்த வாரமும் வருவார்கள்! இரசிகர்களே இதைக் கேலி செய்தார்கள். 1987-இல் வந்த அடுத்த தொடரில் சிவப்பு, தலைவர் பிக்கார்டுக்குப் போய்விட்டது.

நம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வருவோம். என் தந்தை ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. நிரந்தரத் தொழிலாளியோடு ஒரே இயந்திரத்தில் ஒரே வேலைதான் செய்கிறார். சட்டை மட்டும் வேறு நிறம். அந்த நிறம் எந்தத் துறையைக் குறிக்கிறது? ஆபத்தான இடத்துக்கு முதலில் அனுப்பப்படுவது எந்த நிறச் சட்டை என்று அவரைக் கேட்டால் சிரிக்கிறார்.

சீருடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே சட்டை இருக்கட்டும். தலைக்கவசத்தின் நிறம் மின்பிரிவு, உலைப்பிரிவு என்று வேலையைச் சொல்லட்டும். பதவியைச் சட்டைப்பையின் மேல் சிறிதாக எழுதிக்கொள்ளட்டும். விபத்து நேரத்தில் மின்சாரம் தெரிந்தவர் யார் என்று தேடவாவது அது உதவும்.