தொட்டில் மரணமும் தாயின்மேற் பழியும்

இரவில் உறங்க வைத்த சிசு விடியலில் உயிரற்றுக் கிடக்கக் காணும் துயரம் மானிட குலத்திற்குப் புதியதன்று. சாலொமோன் அரசன்முன் வழக்காடிய இரு மாதரின் வரலாற்றை அறியாதார் நம்மில் யாவர்? தாய் புரண்டு படுத்தமையாலேயே மகவு மாண்டதென்று அங்கே உரைத்தவள் எதிர்வழக்காடியவளே; வேறு சாட்சி எவருமிலர். அன்றுதொட்டு இத்தகைய இறப்பு நேருமிடத்து உலகம் முதலில் ஐயுறுவது தாயையே. இஃது அறியாமையின் விளைவென்பது நமது துணிபு.

பிரேதப் பரிசோதனையாலும் காரணம் புலப்படாத இவ்விறப்புக்குத் 'திடீர்ச் சிசு மரணம்' எனும் பெயர், 1969இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிற் கூடிய வைத்திய அறிஞரால் வழங்கப்பெற்றது. இரண்டு முதல் நான்கு மாதப் பருவத்திலேயே இது மிகுதியும் நேர்கின்றது. பெயரிட்டதனால் காரணம் விளங்கிவிடாதன்றோ? பாஸ்டன் நகரத்து ஹன்னா கின்னி அம்மையாரும் அவருடன் உழைத்தோரும், இறந்த சிசுக்களின் மூளைத்தண்டைப் பல்லாண்டு ஆராய்ந்தனர். மூச்சையும் விழிப்பையும் ஆளும் முகுளத்தில், செரோட்டோனின் என்னும் இரசாயனப் பொருள் சராசரியில் 26 சதவீதம் குறைந்திருந்ததை அவர்கள் 2010இல் வெளியிட்டனர்.

குப்புறக் கிடக்கும் சிசு தான் விட்ட மூச்சையே மீண்டும் உட்கொள்ள நேரின், கரியமிலவாயு மிகும், பிராணவாயு குறையும். நலமுற்ற மூளை உடனே சிசுவை விழிக்கச் செய்து, தலையைத் திருப்புவிக்கும். குறையுற்ற மூளை அவ்வாறு எழுப்பத் தவறுகின்றது. எல்லா இறப்புக்கும் இஃதொன்றே காரணமென்று நாம் சொல்லோம். சிலவற்றிற்கு இருதயத் துடிப்பின் பிறவிக் கோளாறும் காரணமாகும்.

"பிறவிக் குறையாயின் விதியென்று இருப்பதே தகும்" என்பாரும் உளர். அது பொருந்தாது. குறையுள்ள சிசு, இளம் பருவம், புறத்தே நேரும் இடர் ஆகிய மூன்றும் கூடினாலன்றி மரணம் நேராதென்பதே கின்னி அம்மையாரும் ஃபிலியானோவும் 1994இற் கூறிய கொள்கை. மூன்றனுள் இடரையேனும் நாம் விலக்கலாம். சிசுவை மல்லாக்கக் கிடத்துமாறு அமெரிக்காவில் 1994 முதல் போதித்ததனால், பத்தாண்டிற்குள் இம்மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. மெத்தென்ற தலையணையையும் புகையிலைப் புகையையும் விலக்குதலும் காப்பாகும்.

அறியாமையின் கொடுமைக்கு ஒரு சான்று காண்க. இங்கிலாந்தில் ஸாலி கிளார்க் என்னும் மாது, தம் இரு சிசுக்களையும் கொன்றாரென 1999இல் தண்டிக்கப்பட்டார். ஒரு குடும்பத்தில் இருமுறை இங்ஙனம் நேர்வது 7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்றென்று மன்றத்தில் கூறப்பட்டது. ஒரு வயிற்றிற் பிறந்தோர்க்குப் பிறவிக் குறையும் பொதுவாகலாம் என்பதை எண்ணாது, ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கிய கணக்கு அது! வெளியிடப்படாதிருந்த பரிசோதனைக் குறிப்புகள் பின்னர்த் தெரியவர, 2003இல் அவர் விடுதலையுற்றார், 2007இல் காலமானார்.

வைத்தியமும் சட்டமும் பயிலப்புகும் மாணவ நண்பர்காள்! மகவை இழந்த வீட்டில் நீவிர் நுழையுங்கால், தாயை நோக்கி "என் செய்தாய்?" என்று வினவுமுன் சற்றே நின்று சிந்திப்பீராக. மகவுள்ள வீட்டில் நுழையுங்கால், மல்லாக்கக் கிடத்துமாறு மறவாது சொல்வீராக. கற்றதன் பயன் இவ்விரண்டிலும் உண்டு.