வாக்குப்பெட்டிக்கு முன்னும் பின்னும்

வெல்ல வாய்ப்பில்லாதவர் எனக் கருதப்படும் ஒருவர் கட்சித் தலைமைக்குப் போட்டியிடும்போதெல்லாம் நம் பத்திரிகைகளில் இரண்டு வகைக் கட்டுரைகள் வெளியாகின்றன. ஒரு வகை அவருடைய துணிவைப் போற்றும். மற்றொரு வகை, விளம்பரத்துக்காக நிற்கிறார் என்று எள்ளும். இரு சாராரும் செய்யும் பிழை ஒன்றே. இருவருமே வேட்பாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாக்களிப்பவர் யார், அவர் பெயரைப் பட்டியலில் சேர்த்தவர் யார், எண்ணிக்கை முடிந்தபின் வென்றவர் கையில் எஞ்சும் அதிகாரம் எவ்வளவு ஆகிய மூன்று கேள்விகளை எவரும் கேட்பதில்லை. எளிய வேட்பாளரின் விதி இந்த மூன்றில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அவருடைய ஆங்கிலப் புலமைக்கும் சிகையலங்காரத்துக்கும் அதில் பெரிய பங்கில்லை.

2022 அக்டோபரில் நடந்த காங்கிரஸ் தலைவர் தேர்தலை எடுத்துக்கொள்வோம். மல்லிகார்ஜுன கார்கேவுக்கு 7,897 வாக்குகள், சசி தரூருக்கு 1,072. செல்லாதவை 416. தரூர் மேட்டுக்குடி மனிதர், தொண்டர்களோடு ஒட்டாதவர், ஆகவே தோற்றார் என்பது பலரும் சொன்ன விளக்கம். இருக்கலாம். ஆனால் 1997இல் சீதாராம் கேசரி 6,224 வாக்குகள் பெற்றபோது எதிர்த்து நின்ற சரத் பவாருக்குக் கிடைத்தவை 882, ராஜேஷ் பைலட்டுக்கு 354. பவார் தொண்டர்களை அறியாதவரா? 2000இல் சோனியா காந்தி 7,448 வாக்குகள் பெற, ஜிதேந்திர பிரசாதாவுக்குக் கிடைத்தவை 94. வெவ்வேறு காலம், வெவ்வேறு குணம், வெவ்வேறு மாநிலம். விளைவு மட்டும் மாறவில்லை. அப்படியானால் காரணத்தை மனிதர்களின் குணத்தில் தேடுவது வீண்.

அந்தத் தேர்தலில் வாக்களித்தவர்கள் கட்சியின் சாதாரண உறுப்பினர்கள் அல்லர். சுமார் ஒன்பதாயிரத்துச் சொச்சம் மாநிலக் கமிட்டிப் பிரதிநிதிகள். மாநிலத் தலைமையின் ஒப்புதல் இல்லாமல் இப்பட்டியலில் இடம்பெறுவது எவ்வளவு அரிது என்பது கட்சி அரசியலைத் தொலைவிலிருந்து கவனிப்பவருக்கும் தெரியும். இந்தப் பட்டியலை வெளிப்படையாக வைக்கும்படி கேட்டவர்களில் தரூர், மணீஷ் திவாரி, நம் கார்த்தி சிதம்பரம் ஆகியோர் அடக்கம். உட்கட்சி விவகாரத்தை ஊரறிய வெளியிட முடியாது என்பதே கிடைத்த பதில். பின்னர், வேட்பாளராக விரும்புவோர் டெல்லி அலுவலகத்துக்கு வந்து பார்க்கலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். யாரிடம் வாக்குக் கேட்பது என்பதையே கெஞ்சித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் ஒருவர், மாநிலந்தோறும் தலைவர்கள் திரண்டு வரவேற்கும் நிலையில் மற்றொருவர். இதைச் சம போட்டி என்று அழைப்பதற்கு ஒரு தனித் தடித்தனம் வேண்டும்.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாக்கெடுப்பு ரகசியமாகவே நடந்தது. எல்லா மாநில வாக்குகளையும் கலந்தபிறகே எண்ணினார்கள். வாக்குச்சீட்டில் ‘1’ என்று எழுத வேண்டும் என்ற முதல் அறிவிப்பு, வரிசையில் முதலாவதாக இருந்த கார்கேவுக்குச் சாதகமாகலாம் என்று தரூர் தரப்பு சுட்டிக்காட்டியதும், சரிக்குறி இட்டால் போதும் என மாற்றினார்கள். இவையெல்லாம் உண்மை. ஆனால் இவை அனைத்தும் வாக்குப்பெட்டியின் நேர்மை. பெட்டியை நோக்கி வரும் வரிசையை அமைத்தவர் யார் என்பது வேறு கேள்வி. 2020இல் உட்கட்சித் தேர்தல் வேண்டும் என்று கடிதம் எழுதிய 23 தலைவர்களில் தரூரும் ஒருவர். அதில் உடன் கையெழுத்திட்ட ஆனந்த் சர்மா, மணீஷ் திவாரி, பூபிந்தர் சிங் ஹூடா ஆகியோர் 2022இல் முன்மொழிந்தது கார்கேவை. சீர்திருத்தம் கோரியவர்களே காற்றின் திசை பார்த்து நகரும்போது, ஊர் பேர் தெரியாத பிரதிநிதியிடம் வீரத்தை எதிர்பார்ப்பது எந்த நியாயம்?

எளியவர் வென்றே விட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் இதே கட்சியின் வரலாற்றில் விடை இருக்கிறது. 1939 ஜனவரியில் சுபாஷ் சந்திர போஸ் 1,580 வாக்குகள் பெற்று, காந்தியின் ஆசி பெற்ற பட்டாபி சீதாராமய்யாவைத் தோற்கடித்தார், பட்டாபிக்கு 1,377. பட்டாபியின் தோல்வி தம்முடைய தோல்வி என்று காந்தியே அறிவித்தார். அடுத்த மாதம் பட்டேல், ராஜேந்திர பிரசாத் உள்ளிட்ட காரியக் கமிட்டியின் பெரும்பான்மையினர் விலகினர். மார்ச்சில் திரிபுரி மாநாட்டில், காந்தியின் விருப்பப்படியே கமிட்டியை அமைக்க வேண்டும் என்ற பந்த் தீர்மானம் நிறைவேறியது. நர்மதையில் இரண்டு படகுகள் நிற்கின்றன, காந்தி ஓட்டும் பழைய பெரும்படகை நம்புங்கள், புதுப்படகில் ஓட்டை இருக்கிறது என்று நம் ராஜாஜி அப்போது உவமை சொன்னார். அழகான உவமைதான். ஆனால் பயணிகள் சில வாரங்களுக்கு முன்பே வாக்களித்துப் படகோட்டியைத் தேர்ந்திருந்தார்கள் என்பதை உவமை சொல்லவில்லை. ஏப்ரலில் போஸ் ராஜினாமா செய்தார். ஆகஸ்டில், மூன்றாண்டுகள் தேர்ந்தெடுக்கப்படும் பொறுப்பு எதையும் வகிக்கக் கூடாது என்று அவருக்குத் தடை விதித்தார்கள்.

கேசரி எளிய வேட்பாளராகப் போட்டியிட்டவர் அல்லர். பெருவாரியான வாக்குகளில் வென்றவர். அவரையும் 1998 மார்ச்சில் காரியக் கமிட்டி ஒரு தீர்மானத்தால் இறக்கிவிட்டது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளை ஓர் அறைக்குள் கூடிய சிலர் வென்றார்கள். 2023 பிப்ரவரியில் ராய்ப்பூரில், காரியக் கமிட்டிக்குத் தேர்தல் வேண்டாம், உறுப்பினர்களைத் தலைவரே நியமிக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். அந்த ஆகஸ்டில் தரூருக்கும் ஓர் இடம் கிடைத்தது. அவருக்கு அளித்தது கௌரவம் என்று கொண்டாடினார்கள். நியமனத்தால் வரும் கௌரவத்தை நியமித்தவரே திரும்பப் பெறவும் முடியும்.

இங்கிலாந்தைப் பார்த்துவிட்டு வருவோம். 1975 பிப்ரவரியில் கன்சர்வேட்டிவ் கட்சியில் மார்கரெட் தாட்சர் முதல் சுற்றில் 130 வாக்குகள் பெற்றார். பதவியில் இருந்த ஹீத் 119. வாக்காளர்கள் முந்நூறுக்கும் குறைவான நாடாளுமன்ற உறுப்பினர்கள். பட்டியலில் மர்மம் இல்லை, ஒவ்வொருவரையும் தேடிச் சென்று பேச முடிந்தது, வாக்கும் ரகசியம். 2015இல் லேபர் கட்சியில் ஜெரமி கோர்பின் வேட்பாளராக 35 எம்.பி.க்களின் முன்மொழிவு தேவைப்பட்டது. விவாதம் விரிவாகட்டும் என்று சிலர் இரவல் கொடுத்த கையெழுத்துகளோடு கடைசி நேரத்தில் 36 சேர்ந்தது. மூன்று பவுண்டு செலுத்திய ஆதரவாளரும் வாக்களிக்கலாம் என்ற புதிய விதியின்கீழ் 59.5 சதவீத வாக்குகளுடன் வென்றார். அடுத்த ஆண்டு 172 எம்.பி.க்கள் நம்பிக்கையில்லை என்று வாக்களித்தும் அவரை அகற்ற முடியவில்லை, மறுதேர்தலில் 61.8 சதவீதம் பெற்றார். இருவரும் வென்றதற்கு அவர்களுடைய ஆளுமை மட்டும் காரணமல்ல. கதவு திறந்திருந்தது. கதவைக் கண்டு பயந்தவர்கள் 2021இல் முன்மொழிவுத் தேவையை 20 சதவீதமாக உயர்த்தியதும் அதனால்தான்.

கோர்பின் தலைமையில் 2019இல் லேபர் 202 இடங்களோடு படுதோல்வி கண்டதே, திறந்த கதவு தந்த பரிசு அதுதானே என்று கேட்பீர்கள். ஆம், அது தோல்விதான். எளியவர் நல்லவர், வென்றால் கட்சி செழிக்கும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. தவறான தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உறுப்பினருக்கு உண்டு. அதே உரிமையால்தான் 2020இல் கியர் ஸ்டார்மரைத் தேர்ந்து திசையை மாற்றினார்கள். ஒற்றுமையே பெரிதென்று நம்புகிறவர்கள் தேர்தலே வேண்டாம் என்று நேர்மையாகச் சொல்லிவிடட்டும். தேர்தலும் வேண்டும், முடிவும் முன்பே தெரிய வேண்டும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஆகவே அடுத்த முறை ஒரு எளியவர் வேட்புமனு தாக்கல் செய்யும்போது, அவர் வெல்வாரா என்று கேட்காதீர்கள். வாக்காளர் பட்டியல் அச்சாகி எல்லார் கைக்கும் வந்ததா, பிரதிநிதிகளை உறுப்பினர்கள் வாக்களித்து அனுப்பினார்களா, காரியக் கமிட்டியும் தேர்தலில் வருகிறதா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆம் என்ற பதில் கிடைத்த பிறகு அவர் 94 வாக்குகள் வாங்கினால், அது அவருடைய தோல்வி. அதுவரை அந்த எண்ணிக்கை வேட்பாளரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பட்டியல் எழுதியவரின் கையெழுத்தை மட்டுமே காட்டுகிறது.