கோளாறு கரையில் தொடங்குகிறது: வடபகுதிச் சிறுபடகுக் கடற்றொழிலாளரின் கோரிக்கைச் சாசனம்

கடற்றொழில் அமைச்சுக்கும், கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்துக்கும், வடமாகாண நிர்வாகத்துக்கும், பிரதேச சபைகளுக்கும், எஞ்சின் இறக்குமதியாளர்களுக்கும்:

பருத்தித்துறை முதல் பேசாலை வரை, படகின் பின்பலகையில் பூட்டிய வெளியிணைப்பு எஞ்சினை நம்பித் தொழிலுக்குப் போகிறவர்கள் நாங்கள். நடுக்கடலில் எஞ்சின் நின்றால், பராமரிக்கத் தெரியாதவர்கள் என்ற பழி எங்கள்மேல் விழுகிறது. உப்பைக் கழுவ நன்னீர், தண்ணீர் கலவாத எண்ணெய், அசல் உதிரிப்பாகம், தொழில் தெரிந்த கை ஆகிய நான்கும் கரையில் இருந்தால்தான் எஞ்சின் கடலில் நிலைக்கும். அந்த நான்கையும், கழிவு ஒயிலுக்கு ஓரிடத்தையும் கேட்கிறோம்.

1. இறங்குதுறைதோறும் நன்னீர்

கடல்நீரை உறிஞ்சியே இந்த எஞ்சின் தன் சூட்டைத் தணிக்கிறது. கரை சேர்ந்ததும் சில நிமிடங்கள் நன்னீரில் ஓடவிடாவிட்டால் நீர்ப்பாதையில் உப்புப் படியும். பாதை அடைபட்டால் சூடேறிப் பிஸ்ரன் இறுகும். தீவகத்தில் பல கிணறுகள் உவர். குடிதண்ணீருக்கே பவுசரைப் பார்த்திருக்கும் ஊரில், எஞ்சினைக் கழுவுங்கள் என்ற அறிவுரையால் மட்டும் பயனில்லை. ஒவ்வொரு இறங்குதுறையிலும் மழைநீர்த் தாங்கி, குழாய், எஞ்சினை இறக்கி ஓட்டத் தொட்டி ஆகியவை வேண்டும்.

2. கட்டுப்படியாகும் சுத்தமான எரிபொருள்

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயானது. விலை ஏறினால் எஞ்சினும் கெடும். மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலில் ஓட்ட வேண்டும். செலவுக்குப் பயந்து அந்தக் கடைசி ஓட்டத்தைத் தவிர்த்தால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கும். பிளக் நனைந்து கரி பிடிக்கும். மறுநாள் எத்தனை தரம் கயிற்றை இழுத்தாலும் எஞ்சின் பிடிக்காது. பதிவுசெய்த படகுகளுக்கு நேரடி எரிபொருள் நிவாரணம் வேண்டும். நிரப்பு நிலையத் தாங்கியின் அடியில் தண்ணீர் இல்லை என்பதை எங்கள் கண்முன் சோதித்துக் காட்ட வேண்டும்.

3. அசல் உதிரிப்பாகம், அச்சிட்ட விலை

நீர்ப்பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லரின் ஓர் இதழ் முறிந்தாலும் குளிர்விப்பு குறையும். புரொப்பெல்லர் தண்டில் தங்கூசி சுற்றினால் சீல் அறுபட்டுக் கியர் ஒயிலுக்குள் கடல்நீர் புகும், ஒயில் பால்நிறமாகும். அந்த வேளையில் சிறிய சீல் கிடைக்காவிட்டால் பின்னர் கியர்த் தொகுதியையே மாற்ற நேரும். இம்பெல்லர், சீல், பிளக், அரிப்பைத் தன்மேல் வாங்கும் நாகத்துண்டு ஆகியவற்றைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களில் அச்சிட்ட விலைக்கு இருப்பில் வைக்க வேண்டும். போலிப் பாகம் விற்போர்மீது நடவடிக்கை வேண்டும்.

4. தமிழில் கையேடு, கரையில் பயிற்சி

விற்கும் ஒவ்வொரு எஞ்சினுடனும் தமிழ்க் கையேடும், நனையாத கோளாறு அட்டையும் தரப்பட வேண்டும். அட்டையில் குறைந்தது இவை இருக்கட்டும்:

- எஞ்சின் பிடிக்கவில்லையா? முதலில் அவசர நிறுத்தக் கயிற்றின் கிளிப், பிறகு எண்ணெய்த் தாங்கியின் காற்றுத் திருகு, கைப்பம்பு, கடைசியாகப் பிளக்.
- பின்புறம் பீச்சும் நீர் நின்றதா? உடனே எஞ்சினை நிறுத்து. நீர் உறிஞ்சும் வாயில் பொலித்தீன் அடைத்திருக்கிறதா பார்.
- எஞ்சின் இரைகிறது, படகு நகரவில்லையா? புரொப்பெல்லரின் முளை முறிந்திருக்கும், அல்லது உள் ரப்பர் வழுக்கியிருக்கும்.
- எஞ்சின் கடலில் மூழ்கியதா? நன்னீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, ஒயில் விட்டு, அன்றே திருத்துநரிடம் சேர்.

2014ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சமுத்திரப் பல்கலைக்கழகம் இறங்குதுறைகளுக்கே வந்து குறுகிய பயிற்சி நடத்த வேண்டும். கைப்பழக்கத்தால் தேர்ந்த எங்கள் திருத்துநர்களைச் சோதித்து, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்க வேண்டும்.

5. கழிவு ஒயிலுக்கு ஓரிடம்

பழைய ஒயிலைச் சேகரிக்கும் பீப்பாய்களை வைத்து, அவற்றில் சேரும் ஒயிலை ஒழுங்காக அகற்றும் பொறுப்பைப் பிரதேச சபைகள் ஏற்க வேண்டும்.

எங்கள் உறுதி

பழைய ஒயிலைக் கடலில் ஊற்றமாட்டோம். நிறுத்தக் கயிற்றைக் கட்டாமல் எஞ்சினை ஓட்டமாட்டோம். குழாய்களையும் தொட்டிகளையும் சங்கங்களே பராமரிக்கும்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொறுப்பான அதிகாரி யார், எந்தத் திகதிக்குள் நிறைவேறும் என்பதைத் தமிழில் எழுத்துமூலம் அறிவியுங்கள். முதல் இரண்டும் வரும் வாடைக்காற்றுக்கு முன் நிறைவேற வேண்டும்.