காத்திருப்பே பாதுகாப்பு ஆகாது

தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, கோடை விடுமுறை என்று பயணப் பருவம் வரும்போதெல்லாம் நாட்டின் பெரிய விமான நிலையங்களில் ஒரே காட்சிதான் அரங்கேறுகிறது. நுழைவாயிலில் ஒரு வரிசை. பெட்டிகளை ஒப்படைக்க இன்னொரு வரிசை. அவற்றையெல்லாம் கடந்து உள்ளே போனால், பாதுகாப்புச் சோதனைக்கு எல்லாவற்றையும்விட நீண்ட வரிசை. தில்லியிலிருந்து சென்னைக்குப் பறக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகிறது. பயணப் பருவத்தில், விமானம் புறப்படுவதற்கு முன் நிலையத்துக்குள் அதே அளவு நேரம் கழிந்துவிடுகிறது.

இந்த அவலம் 2022 டிசம்பரில் உச்சத்தைத் தொட்டது. தில்லி இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்தின் மூன்றாவது முனையத்தில் வரிசைகள் வாயிலுக்கு வெளியே வரை நீண்டன. விமானத்தைத் தவறவிட்டவர்களின் குமுறல் நாடெங்கும் எதிரொலித்தது. இண்டிகோ நிறுவனம், உள்நாட்டுப் பயணிகள்கூட மூன்றரை மணி நேரம் முன்னதாக வர வேண்டும் என்று அறிவுறுத்தியது. அப்போதைய விமானப் போக்குவரத்து அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா டிசம்பர் 12 அன்று முன்னறிவிப்பின்றி அந்த முனையத்துக்குச் சென்று பார்வையிட்டார். நாடாளுமன்ற நிலைக்குழு விமான நிலைய நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டது. அதன் பிறகு எக்ஸ்ரே இயந்திரங்கள் கூடுதலாக நிறுவப்பட்டன. காவலர்கள் கூடுதலாக அனுப்பப்பட்டனர். எந்த வாயிலில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைக் காட்டும் பலகைகள் வைக்கப்பட்டன. சில நாள்களிலேயே நெரிசல் குறையத் தொடங்கியது.

நம் கேள்வி இதுதான்: அமைச்சர் வந்த பிறகு சில நாள்களில் செய்ய முடிந்ததை, அவர் வருவதற்கு முன்பே ஏன் செய்திருக்கக் கூடாது? டிசம்பரில் கூட்டம் வரும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்லவே!

சோதனையே தேவையில்லை என்று எவரும் சொல்லமாட்டார்கள். 1976 செப்டம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று லாகூருக்குக் கடத்தப்பட்டது. அதையடுத்து அமைக்கப்பட்ட குழுவின் பரிந்துரைப்படி 1978-இல் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் உருவானது. சென்னை மீனம்பாக்கத்தில் 1984 ஆகஸ்டில் வெடித்த குண்டு ஏறத்தாழ 30 உயிர்களைப் பறித்ததைத் தமிழகம் மறந்துவிடவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் நடுவானில் தகர்க்கப்பட்டு 329 பேர் மாண்டனர். அந்தக் கொடுமைக்குப் பிறகே, 1987-இல் பாதுகாப்புப் பணியகம் தனித் துறையாக்கப்பட்டது. 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து தில்லிக்கு வந்த விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட பிறகு, விமான நிலையக் காவல் மாநிலக் காவல்துறைகளிடமிருந்து மத்திய தொழில் பாதுகாப்புப் படைக்கு மாறத் தொடங்கியது. 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கிய மாற்றம் அது. நம் சோதனைச் சாவடி ஒவ்வொன்றுக்கும் பின்னால் சிந்தப்பட்ட ரத்தம் இருக்கிறது.

ஆனால், சோதனை வேறு; வரிசை வேறு. சோதனை பாதுகாப்பைத் தருகிறது. வரிசை பாதுகாப்பைத் தருவதில்லை. அதைக் குலைக்கவும் கூடும். 2016 மார்ச் 22 அன்று பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் பயங்கரவாதிகள் குண்டுகளை வெடிக்கச் செய்தது, சோதனையைக் கடந்த பிறகு அல்ல. சோதனைக்கு முன்னால் பயணிகள் குழுமியிருந்த கூடத்தில்தான். அதே ஆண்டு ஜூன் மாதம் இஸ்தான்புல் அதாதுர்க் விமான நிலையத்திலும் தாக்குதல் நுழைவுப் பகுதியை ஒட்டியே நடந்தது. சோதிக்கப்படாத ஆயிரக்கணக்கானோரை ஓரிடத்தில் மணிக்கணக்கில் நெருக்கி நிறுத்தி வைப்பது, எதைத் தடுக்கச் சோதனை ஏற்பட்டதோ அந்த ஆபத்தையே வாயிலில் காத்திருக்க வைப்பதாகும். வரிசையைக் குறைப்பது பயணிகளுக்குச் செய்யும் சலுகை அல்ல. அதுவும் பாதுகாப்பு நடவடிக்கையே.

வரிசை ஏன் நீள்கிறது? பயணிகள் பெருகிவிட்டார்கள் என்பது முதல் விடை. 2019-இல் 14.4 கோடியாக இருந்த உள்நாட்டு விமானப் பயணிகளின் எண்ணிக்கை 2024-இல் 16.1 கோடியைத் தாண்டியது. 2024 நவம்பர் 17 அன்று ஒரே நாளில் 5 லட்சத்துக்கும் அதிகமானோர் உள்நாட்டு விமானங்களில் பறந்தனர். அவ்வளவு பேர் ஒரே நாளில் பறந்தது அதுவே முதல் முறை. ரப்பர் செருப்பு அணிந்தவரும் விமானத்தில் பறக்க வேண்டும் என்று அரசே முழங்கியது. அவர் வந்துவிட்டார். அவரை வரவேற்கும் ஏற்பாடுதான் இன்னும் வரவில்லை.

பயணிகள் பெருகியது மட்டுமே காரணம் அல்ல. அவர்கள் ஒரே நேரத்தில் வந்து குவிவதே பெரிய காரணம். விற்பனைக்கு உகந்த நேரம் என்பதால் அதிகாலையிலும் மாலையிலும் புறப்படவே விமான நிறுவனங்கள் போட்டியிடுகின்றன. அந்தச் சில மணி நேரத்தில் திணறும் முனையம் நண்பகலில் ஓரளவு ஓய்ந்து கிடக்கிறது. வடக்கே டிசம்பரிலும் ஜனவரியிலும் மூடுபனியும் சேர்ந்துகொள்கிறது. காலை விமானங்கள் தாமதமாகும்போது, போக வேண்டியவர்கள் போகாமலும், அடுத்து வர வேண்டியவர்கள் வந்துகொண்டும் இருக்க, முனையம் நிரம்பி வழிகிறது. எத்தனை விமானங்கள் என்பதை மட்டும் கணக்கிட்டு, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரைச் சோதிக்க முடியும் என்பதைக் கணக்கில் கொள்ளாமல் கால அட்டவணைக்கு ஒப்புதல் தந்தால் வேறென்ன நடக்கும்?

அடுத்தது ஆள்பற்றாக்குறை. 2022-ஆம் ஆண்டின் நெரிசலுக்குச் சில மாதங்கள் முன்புதான், விமான நிலையக் காவலில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் சுமார் 3,000 பணியிடங்கள் நீக்கப்பட்டு, சோதனையோடு நேரடித் தொடர்பில்லாத வேலைகளுக்கு 1,900-க்கும் அதிகமான தனியார் காவலர்களை அமர்த்தும் திட்டம் வெளியானது. வரிசையை ஒழுங்குபடுத்தத் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற வீரர் தேவையில்லை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால், சோதனைச் சாவடியில் நிற்பவர்களின் எண்ணிக்கை போதுமா என்பதை முதலில் உறுதி செய்துவிட்டல்லவா சிக்கனத்தைப் பற்றிப் பேச வேண்டும்? பெண் பயணிகளைத் திரைமறைவில் பெண் காவலரே சோதிக்க வேண்டும் என்பது விதி, நல்ல விதி. பெண் காவலர்கள் போதிய அளவில் இல்லாதபோது, அந்த நல்ல விதியே பெண்களை இரு மடங்கு காத்திருக்க வைக்கிறது.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பயணச்சீட்டிலும் விமானப் பாதுகாப்புக் கட்டணம் தனியாக வசூலிக்கப்படுகிறது. 2019 ஜூலையில் உள்நாட்டுப் பயணிக்கு ரூ. 150 ஆக இருந்த இந்தக் கட்டணம், 2021 ஏப்ரல் முதல் ரூ. 200 ஆக உயர்த்தப்பட்டது. வெளிநாட்டுப் பயணிக்கு அது 12 டாலர் ஆயிற்று. பாதுகாப்புச் சோதனை என்பது அரசு இலவசமாகத் தரும் தொண்டு அல்ல. பயணி முன்கூட்டியே விலை கொடுத்து வாங்கும் சேவை. விலை கொடுத்தவருக்கு, எவ்வளவு நேரத்தில் அந்தச் சேவை கிடைக்கும் என்று கேட்கும் உரிமை உண்டு.

யாரிடம் கேட்பது என்பதுதான் சிக்கல். சோதனை விதிகளை வகுப்பது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழுள்ள பாதுகாப்புப் பணியகம். சோதனை செய்யும் வீரர்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறார்கள். இடமும் இயந்திரமும் விமான நிலையத்தை நடத்தும் நிறுவனத்தின் பொறுப்பு. புறப்படும் நேரத்தைக் கேட்டுப் பெறுவது விமான நிறுவனம்; அதற்கு ஒப்புதல் தருவது இயக்குநரகம். வரிசை நீளும்போது ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்ட முடிகிறது. தில்லி விமான நிலையம் 2006-இல் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, வருவாயில் 45.99 சதவீதம் அரசின் விமான நிலைய ஆணையத்துக்கு என்று தசம புள்ளி வரை கணக்குப் பார்த்து எழுதினார்கள். அந்தத் துல்லியம் பயணியின் காத்திருப்பைக் கணக்கிடுவதிலும் இருக்க வேண்டாமா?

தொழில்நுட்பம் கைகொடுக்கும் என்பது அரசின் நம்பிக்கை. 2022 டிசம்பர் 1 அன்று தில்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கிய 'டிஜி யாத்ரா' திட்டத்தில், பயணியின் முகமே அனுமதிச் சீட்டாகிறது. வாயிலில் அது நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பது உண்மை. ஆனால், வாயிலில் விரைந்து நுழைந்தவர் எக்ஸ்ரே இயந்திரத்தின் முன்னால் எல்லோருடனும் நின்றுதான் ஆக வேண்டும். முகத்தை இயந்திரம் அடையாளம் காணலாம். பையைச் சோதிக்க ஆளும் கருவியும் வேண்டும். தவிர, இத்திட்டத்தை நடத்தும் அமைப்பில் விமான நிலைய ஆணையத்தின் பங்கு 26 சதவீதம் மட்டுமே. எஞ்சியவை விமான நிலையங்களை நடத்தும் நிறுவனங்களுடையவை. விரும்பியவர் மட்டும் சேரலாம் என்று அறிவிக்கப்பட்ட திட்டத்தில், கேளாமலேயே பயணிகளின் முகம் பதிவு செய்யப்படுவதாக 2024 தொடக்கத்தில் புகார் எழுந்தது. நீண்ட வரிசையைக் காட்டி அந்தரங்கத்தை விட்டுக்கொடுக்கச் செய்வது நேர்மையான பேரம் ஆகாது.

உண்மையில் நேரத்தைக் குறைக்கக்கூடிய கருவிகளோ கெடுவுக்கு மேல் கெடுவாகத் தள்ளிப்போயின. 84 விமான நிலையங்களில் உடல் முழுவதையும் சோதிக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று 2019-இல் பாதுகாப்புப் பணியகம் உத்தரவிட்டது. முதல் கட்டத்துக்கான கெடு 2020 மார்ச். கெடு கடந்தது, கருவிகள் வரவில்லை. மடிக்கணினியைப் பையிலிருந்து எடுக்காமலேயே சோதிக்கும் நவீன எக்ஸ்ரே இயந்திரங்களுக்கு விதிக்கப்பட்ட 2023 டிசம்பர் கெடுவும் அவ்வாறே தவறியது.

செலவில்லாமல் செய்யக்கூடிய சீர்திருத்தங்களும் உண்டு. கைப்பையில் தொங்கும் அட்டையில் முத்திரை குத்தும் பழைய வழக்கம் 2017 ஏப்ரலில் தில்லி, மும்பை உள்ளிட்ட ஏழு விமான நிலையங்களில் கைவிடப்பட்டது. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. சபரிமலைப் பருவத்தில் இருமுடியில் உள்ள தேங்காயைப் பக்தர்கள் கையோடு எடுத்துச் செல்ல, ஜனவரி 20 வரை என்று நாள் குறித்து, உரிய சோதனைகளுக்கு உட்பட்டு, 2022-இலும் 2024-இலும் பாதுகாப்புப் பணியகம் அனுமதி அளித்தது. பாராட்டத்தக்க முடிவு. பருவத்தை அறிந்து விதியைத் தளர்த்த முடிகிறது என்றால், பருவத்தை அறிந்து ஆள்பலத்தைக் கூட்டவும் முடியும்தானே?

சோதனைச் சாவடியில் புரியும் மொழியில் பேசுவதும் நேரத்தை மிச்சப்படுத்தும். 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுமாறு கேட்ட மக்களவை உறுப்பினர் கனிமொழியிடம், 'நீங்கள் இந்தியரா' என்று பெண் காவலர் ஒருவர் வினவியதாக எழுந்த சர்ச்சை நினைவிருக்கும். நாடாளுமன்ற உறுப்பினருக்கே இந்த நிலை என்றால், வளைகுடாவுக்கு முதன்முறையாகப் புறப்படும் தொழிலாளி, இடுப்பு வாரைக் கழற்றச் சொல்கிறார்களா, பையைத் திறக்கச் சொல்கிறார்களா என்று புரியாமல் திகைப்பதில் என்ன வியப்பு? அவர் திகைக்கும் ஒவ்வொரு நிமிடமும் பின்னால் நிற்பவர்களின் நிமிடமும்கூட.

பயணிகளுக்கும் கடமை உண்டு. கைப்பை ஒன்றுதான் என்ற விதியை மதிப்பது, தீப்பெட்டி போன்ற தடை செய்யப்பட்ட பொருள்களை வீட்டிலேயே விட்டுவருவது, மின்னேற்றிகளைப் பெட்டியில் வைக்காமல் கையில் கொண்டுவருவது, முறை வருவதற்கு முன்பே மடிக்கணினியையும் சில்லறைக் காசுகளையும் எடுத்துத் தயாராக வைத்திருப்பது எல்லாம் அடுத்தவருக்குச் செய்யும் உதவி. செல்வாக்கைக் காட்டி வரிசையை மீறுவதும் ஒரு நோய்தான். 2009 ஏப்ரலில் தில்லி விமான நிலையத்தில், சோதனையிலிருந்து விலக்குப் பெற்றிருந்த முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமை அமெரிக்க விமான நிறுவன ஊழியர்கள் சோதித்தனர். விஷயம் வெளியானபோது நாடாளுமன்றம் கொதித்தது. நிறுவனம் மன்னிப்புக் கோரியது. கலாமோ ஒரு சொல்லும் குறை கூறாமல் ஒத்துழைத்திருந்தார். ஊழியர்கள் செய்தது விதிமீறல்தான். ஆனால், கலாமின் பண்பு நம் பிரமுகர்கள் அனைவருக்கும் பாடம்.

பயணிகள் தம் கடமையைச் செய்தாலும், அரசு தன் கடமையைச் செய்யாதவரை வரிசை சுருங்காது. முதலாவதாக, பாதுகாப்புச் சோதனைக்கு அதிகபட்சக் காத்திருப்பு நேரம் எவ்வளவு என்பதை ஒவ்வொரு பெரிய விமான நிலையத்துக்கும் அரசு அறிவிக்க வேண்டும்; உண்மையில் எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை மாதந்தோறும் வெளியிட வேண்டும். இரண்டாவதாக, சோதனைச் சாவடியின் திறனுக்கு மேல் எந்த மணி நேரத்துக்கும் விமானங்களை அனுமதிக்கக் கூடாது. மூன்றாவதாக, பண்டிகைகளையும் விடுமுறைகளையும் கணக்கிட்டு, காவலர் எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்; அதில் பெண் காவலர்களுக்கும் அந்தந்த மாநில மொழி அறிந்தவர்களுக்கும் உரிய இடம் வேண்டும். நான்காவதாக, வரிசையில் உரிய நேரத்தில் வந்து நின்றும் விமானத்தைத் தவறவிட்டவருக்கு இழப்பீடு தரும் பொறுப்பு யாருடையது என்பதைத் தெளிவாக வரையறுக்க வேண்டும். பொறுப்பு ஒருவர் தலையில் விழுந்தால்தான் வரிசை சுருங்கும்.

விமானம் புறப்படும் நேரத்தை நிமிடக் கணக்கில் அச்சிட்டுத் தருகிறவர்கள், அந்த விமானத்தை அடைய ஆகும் நேரத்தை மட்டும் பயணியின் அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடுவது என்ன நியாயம்? அடுத்த விடுமுறையின் தேதி நாள்காட்டியில் இப்போதே இருக்கிறது. அதற்கான ஏற்பாடும் இப்போதே தொடங்க வேண்டும்; இன்னொரு அமைச்சரின் திடீர் வருகைக்காகக் காத்திருக்கக் கூடாது.