‘நெட் இல்லை’ என்றால், எந்தப் பகுதியில் இல்லை?

நம் சங்கத்துக் குடும்பங்களில், பிள்ளைகள் பெங்களூரிலோ புனேயிலோ அமெரிக்காவிலோ இருக்க, பெற்றோர் இருவர் மட்டும் இங்கே நாக்பூரில் தங்கியிருக்கும் வீடுகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகின்றன. இந்த வீடுகளில் பிராட்பேண்ட் என்பது ஆடம்பரம் அல்ல. பேரனின் முகத்தைப் பார்ப்பது அதில்தான். டாக்டர் அனுப்பும் ரிப்போர்ட் வருவதும், நவம்பர் மாதம் பென்ஷனுக்கு உயிர்ச்சான்று கொடுப்பதும் அதில்தான். அது நின்றுபோனால் நடப்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். பெரியவர் ரவுட்டரை நாலு தடவை அணைத்துப் போடுவார். அம்மா மகனுக்கு போன் செய்வார். மகன் ஆபீஸ் மீட்டிங்கின் நடுவே, “அந்த ரீசெட் பட்டனை அழுத்துங்க அப்பா” என்பான். அதோடு கதை முடிந்தது.

ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். இந்த அளவுக்கு நாம் பிறரை எதிர்பார்த்து நிற்கத் தேவையே இல்லை. ஒரு பிளாக் இன்ஸ்ட்ருமென்ட் வேலை செய்யவில்லை என்று ஸ்டேஷன் மாஸ்டர் மெமோ கொடுத்தால், நாங்கள் முதலில் கேட்பது ‘என்ன கோளாறு?’ என்றல்ல, ‘எங்கே கோளாறு?’ என்றுதான். பத்து கிலோமீட்டர் கேபிள் என்றால் நடுவில் ஒரு ஜாயிண்டைப் பிரித்து இரண்டு பக்கமும் சோதிப்போம். ஒரு பக்கம் சரியாக இருந்தால் அந்த ஐந்து கிலோமீட்டரை மறந்துவிடலாம். மீதியில் மறுபடி பாதி. இதில் மேதைமை ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும்.

வீட்டு இணைப்பையும் இப்படி மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளலாம். உங்கள் மொபைலிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று. ரவுட்டரிலிருந்து, ஓ.என்.டி. என்ற ஃபைபர் பெட்டி வழியாக, கம்பெனியின் எக்ஸ்சேஞ்ச் வரை இரண்டாவது. (பல வீடுகளில் ரவுட்டரும் ஓ.என்.டி.யும் ஒரே பெட்டிதான்.) எக்ஸ்சேஞ்சுக்கு அப்பால், உங்கள் கணக்கு, பாஸ்வேர்டு, பில் பாக்கி எல்லாம் அடங்கிய கம்பெனியின் உலகம் மூன்றாவது.

முதல் பகுதியில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். “வைஃபை முழுசா காட்டுது சார், ஆனா ஒண்ணும் வரல்லே” என்பார்கள். மொபைலில் தெரியும் அந்த விசிறிக் குறி, மொபைலுக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள தொடர்பை மட்டுமே சொல்கிறது. வெளியே ஃபைபர் அறுந்து தெருவில் தொங்கினாலும் அது முழுசாகவே நிற்கும். ரயில்வேயில் இப்படி ஒரு சாதனத்தை யாரும் அனுமதிக்கமாட்டார்கள். டிராக் சர்க்யூட்டில் ஒரு கம்பி அறுந்தால் சிக்னல் தானாகச் சிவப்புக்குப் போகும். பழுதானால் ஆபத்தைக் காட்டு என்பதே அங்கே சட்டம். வீட்டு வைஃபை பழுதானாலும் சிரித்துக்கொண்டே இருக்கும். சில மொபைல்கள் பக்கத்தில் ஒரு சிறு ஆச்சரியக்குறி போடுகின்றன. நம் வயதுக் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

முதல் பகுதியைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் 192.168.1.1 என்பது போல ஓர் எண் இருக்கும். அதை மொபைலின் பிரவுசரில் அடியுங்கள். லாகின் பக்கம் திறந்தால் உங்கள் மொபைலும் ரவுட்டரும் நன்றாகப் பேசிக்கொள்கின்றன. அந்தப் பகுதியை மறந்துவிடலாம். திறக்காவிட்டால் வேறொரு மொபைலில் பாருங்கள். படுக்கையறையில் மட்டும் வரவில்லை என்றால் கோளாறே இல்லை, இடையில் சுவர் இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவர் தாண்டத் தயங்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்று மெதுவானாலும் சுவரைத் தாண்டி வரும்.

இரண்டாவது பகுதிக்கு ஓ.என்.டி.யின் விளக்குகளே போதும். எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபரில் ஒளி வரவில்லை என்று அர்த்தம். எலி, அணில், தெருவில் பள்ளம் தோண்டியவர் என்று யாரோ வேலையைக் காட்டியிருக்கிறார்கள். சில சமயம் வீட்டிலேயே சோபாவை நகர்த்தும்போது ஃபைபர் மடங்கியிருக்கும். செம்புக் கம்பியைப் போல அதை மடக்கக் கூடாது. மடக்கை நீக்கியும் சிவப்பு போகவில்லை என்றால் நீங்கள் ஆயிரம் முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. கம்பெனிக்கு, “எல்.ஓ.எஸ். சிவப்பு” என்று இரண்டே வார்த்தை சொல்லுங்கள். “நெட் வரல்லே” என்பவருக்கும் இப்படிச் சொல்பவருக்கும் கிடைக்கும் மரியாதையே வேறு. ஃபைபர் முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரியாததாலேயே ஆபத்து.

எல்லா விளக்கும் ஒழுங்காக இருந்தும் வரவில்லையா? பிளான் முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பெட்டிகளை அணைத்து ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். மின்சாரம் போய் வந்தபின் உங்கள் பழைய லாகின் கம்பெனியின் கணினியில் முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கலாம்; அது காலாவதியாக அவகாசம் வேண்டும். பிறகு முதலில் ஓ.என்.டி., அது நிலைகொண்டபின் ரவுட்டர், கடைசியில் மொபைல். ஐந்து நிமிடம் பொறுக்க முடியாமல் ஐந்து விநாடியில் போடுகிறோம், அதுதான் தகராறு.

அடாப்டரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி அதுதான். நம் ஊர் மே மாத வெயிலில், டி.வி.க்குப் பின்னால், பூவேலை செய்த துணி போர்த்தி ரவுட்டரை வைக்கிறோம். அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் சூட்டில் நாளடைவில் வற்றிப்போகும். விளக்கு எரியும், ஆனால் வீடியோ கால் தொடங்கியதும் ரவுட்டர் தானாக அணைந்து அணைந்து எழும். அடாப்டரை மாற்றினால் சரியாகிவிடும். மாற்றும்போது வோல்டேஜ் பழையதேதான் இருக்கவேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம். முனை பொருந்துகிறதே என்று செட்டாப் பாக்ஸின் அடாப்டரைச் சொருகாதீர்கள்.

இனி அந்த ரீசெட் பட்டன். எங்கள் காலனியில் தனியாக இருக்கும் ஓர் அம்மையாருக்குக் கஸ்டமர் கேரில் ஊசியால் அதை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினார். அணைத்துப் போடுவது வேறு, இது வேறு; ரவுட்டருக்குள் பதிந்திருந்த லாகின் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துவிட்டன. அதற்கு முன் இருந்த கோளாறு, சுவர் பிளக்கில் அடாப்டர் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். நான்கு நாள் மகளின் குரல் கேட்காமல் இருந்தார். “சார், எனக்கு ஏதாவது ஆகியிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அவர் கேட்டதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்ச் பாட்டரியிலிருந்து 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. வீட்டில் மின்சாரம் இல்லாத இரவிலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். ஃபைபரில் மின்சாரம் வராது. ஓ.என்.டி. அணைந்தால் அதோடு இணைந்த லேண்ட்லைனும் செத்துவிடும். இதைக் கனெக்‌ஷன் கொடுக்க வரும் எவரும் சொல்வதில்லை. தனியாக இருக்கும் முதியவர்கள் வீட்டில் ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும்.

கம்பெனிகளிடமும் எனக்கு வருத்தம் உண்டு. பெட்டியைப் பொருத்த வரும் பையன் லாகின் பெயரையும் பாஸ்வேர்டையும் தன் மொபைலிலிருந்து பார்த்து அடித்துவிட்டுப் போய்விடுகிறான். பணம் கட்டுவது நாம், சாவி அவனிடம். அவற்றை ஓர் அட்டையில் எழுதித் தரும்வரை அவனை விடாதீர்கள். புகார் கொடுத்தால் டாக்கெட் எண் கேட்டு வாங்குங்கள். அது இருந்தால்தான் தீராத புகாரைக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கொண்டுபோக முடியும். கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடவேண்டாம். அங்கே போலி எண்ணைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் கூட்டம் உண்டு. ஏதோ ஒரு ஆப்பை ஏற்றச் சொல்லி பாங்க் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். பில்லில் அச்சிட்ட எண் ஒன்றே எண்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. லீவில் வரும்போது நீங்களே ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டுப் போகிறீர்கள். அப்பா கையால் செய்ய அரைமணி ஆகும். அந்த அரைமணி பக்கத்தில் உட்காருங்கள். எந்த விளக்கு எப்படி எரிந்தால் சரி என்று அவர் கையெழுத்திலேயே தமிழில் எழுதவைத்து, ரவுட்டருக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். நன்றாக வேலை செய்யும் நாளில் அந்த விளக்குகளை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அந்தப் போட்டோவை எடுத்துக்கொண்டு அடுத்த மாதச் சங்கக் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு, கூட்டம் முடிந்தபின் அட்டை எழுதிக் கொடுக்க நான் இருப்பேன்.